நண்டுண்ணிக்கு ஒரு குடும்பம்

எழுத்துலகத்துடன் சிறிதும் தொடர்பில்லாத ஒருத்தி இங்கே எழுதத் துணிந்திருப்பதை வாசகர்கள் பெருமனத்துடன் பொறுத்தருள வேண்டுகிறேன். இதுநாள்வரை நான் எழுதியவை ஆய்வறிக்கைகளும் விடுப்பு விண்ணப்பங்களும் மட்டுமே. ஆய்வறிக்கையின் இறுதியில் முடிவுரை என்றொரு பகுதி உண்டு. அதை எவ்வாறு எழுத வேண்டும் என்று எனக்குக் கற்பித்திருக்கிறார்கள். நரிமுனையில் நிகழ்ந்ததற்குப் பலமுறை முயன்றும் என்னால் முடிவுரை எழுத இயலவில்லை. ஆகவேதான், தகுதி இல்லை என்று அறிந்தும், கதையாகச் சொல்லிப் பார்க்கிறேன். பிழைகள் இருப்பின் அவை என்னுடையவை.

என் பெயர் பூரணகலா. பறவைக் குடும்ப வகைப்பாட்டு மையத்தின் தூத்துக்குடிக் கிளையில் வகைப்பாட்டாளராகப் பணியாற்றி வருகிறேன். கிளை என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். அப்போது ஒரு மாடி அறை, இரண்டு மேசைகள், ஒரு கணினி, நான், திருமலைக்கொழுந்து. அவருக்கும் எனக்கும் ஒரே பதவி, ஒரே வயது. எனினும் அவர் சற்று முன்னதாகப் பணியில் சேர்ந்தவர் என்பதால் சன்னலோர மேசை அவருடையதாயிற்று.

எங்கள் வேலையைப் புரிந்துகொள்ள, காந்தப்புலம் தளர்ந்த கதையை ஓரளவு கூறியாக வேண்டும். வலசை போகும் பறவைகள் புவியின் காந்தத்தைக் கண்ணால் உணர்ந்து திசை அறிந்தவை. அந்தக் காந்தம் தளர்ந்து குழம்பியபோது, கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் மாற்றுக் கருவிகள் இருந்தன. பறவைகளுக்கு எதுவும் இல்லை. அவை கூட்டம் கூட்டமாகத் திசை தவறி, நடுக்கடலில் இறகு ஓய்ந்து விழுந்தன. கரை ஒதுங்கியவற்றைக் கூடை கூடையாக அள்ள நேர்ந்த பிறகுதான் உலகெங்கும் வழிகாட்டிக் கோபுரங்கள் எழுந்தன. ஒவ்வொரு கோபுரமும் மெல்லிய காந்தத் துடிப்புகளை வெளியிடும். அதை நாங்கள் நாடி என்போம். ஒரு பறவைக் குடும்பத்தின் கண்ணுக்குப் புலப்படும் நாடி, மிக நெருங்கிய உறவாக இருந்தாலன்றி, இன்னொரு குடும்பத்தின் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே குடும்பத்துக்கு ஒரு நாடி. எந்தக் கோபுரம் எந்த நாடியை வெளியிடுகிறதோ, அங்கே அந்தக் குடும்பம் வந்து இறங்கும்.

முற்காலத்து வகைப்பாட்டாளர்களுக்கு இவ்வளவு பொறுப்பு இருந்ததில்லை. அவர்கள் பறவைகளைக் குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பமும் நிலவுலகில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று படம் வரைந்து, மூதாதைப் பறவை எங்கே தோன்றி எவ்வழியே சென்றிருக்கும் என்று ஊகித்தார்கள். பிரித்தது தவறென்றால் படமே காட்டிக்கொடுத்துவிடும். உறவினர் அனைவரும் ஒரு கண்டத்தில் இருக்க, ஒருவர் மட்டும் காரணமின்றி வேறொரு கண்டத்தில் நின்றுகொண்டிருப்பார். பரவல் என்பது எவர் பக்கமும் சாயாத சாட்சியாக இருந்தது. எங்களுக்கும் அவ்வாறே கற்பித்தார்கள். நாங்களும் அவ்வாறே நம்பினோம்.

அந்த ஆண்டு ஆடி மாதத்தில் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. திருமலைக்கொழுந்து அதைப் படித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"மேடம், நம்ம ஆளு ஒருத்தன் மாட்டிக்கிட்டான்."

"யாரு சார்?"

"நண்டுண்ணி. காந்தம் இன்னும் தளருதாம். ஒவ்வொரு நாடிக்கும் மின்சாரம் கூடக் குடுக்கணுமாம். அதனால நாடிகளக் குறைக்கப் போறாங்க. ஒரே ஒரு இனம் மட்டும் உள்ள குடும்பத்துக்கெல்லாம் இனிமே தனி நாடி கிடையாது. பக்கத்துக் குடும்பத்தோட சேத்து விட்டுறணும்."

"எந்தப் பக்கத்துக் குடும்பம்?"

"அதச் சொல்லத்தான மேடம் உங்களுக்கும் எனக்கும் சம்பளம்."

நண்டுண்ணியை அறியாத வாசகர்களுக்காக: அது கறுப்பும் வெள்ளையுமான, நெடுங்கால் கொண்ட கடற்கரைப் பறவை. தடித்த கறுத்த அலகால் நண்டைக் குத்தி எடுத்து உண்ணும். வளைகுடா நாடுகளின் மணலில் வளை தோண்டி முட்டையிடும். குளிர்காலத்தில் குஞ்சுகளுடன் மன்னார் வளைகுடாவுக்கு வரும். பறவையுலகில் அதன் குடும்பத்தில் அது ஒன்றுதான் உண்டு. உடன்பிறப்பும் இல்லை, பங்காளியும் இல்லை.

மரபணுவைப் பார்த்தால் அதற்கு மிக நெருங்கிய உறவு கல்குருவிக் குடும்பம். கல்குருவியோ வறண்ட தரிசில் ஓடி வெட்டுக்கிளியும் வண்டும் தின்பது. தோற்றத்தையும் வாழிடத்தையும் பார்த்தால் நண்டுண்ணிக்கு அண்டை வீட்டார் உப்புக்கொத்திகள். அவை அதே சேற்றில் அதனுடன் நின்று மேய்பவை. கல்குருவியுடன் சேர்த்தால், நாடி நண்டுண்ணியின் கண்ணுக்கு நிச்சயம் புலப்படும். ஆனால் அது வறண்ட நிலத்துக்கு அழைக்கும். உப்புக்கொத்தியுடன் சேர்த்தால், நாடி சரியான கடற்கரைக்கே அழைக்கும். ஆனால் நண்டுண்ணியின் கண்ணுக்கு அது புலப்படுமா என்பது ஐயம். புலப்படாவிட்டால் அரபிக்கடலின் நடுவே அதற்கு வழி சொல்ல எவரும் இல்லை.

நாங்கள் இருவரும் வாதிட்டோம். காலையில் நான் கல்குருவி என்பேன், அவர் உப்புக்கொத்தி என்பார். மாலைக்குள் ஒருவர் சொல்வதை மற்றவர் ஏற்று, இருவரும் இடம் மாறிவிட்டிருப்போம். மறுநாள் மீண்டும் முதலிலிருந்து.

"இப்படியே போனா நம்மளயும் ஒரே குடும்பத்துல சேத்துருவாங்க," என்று அவர் கூறியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதை இங்கே மரியாதையுடன் பதிவு செய்கிறேன்.

கிளையில் கருத்து ஒன்றுபடாவிட்டால், அந்தப் பறவை மிகுதியாக வந்து தங்கும் ஊரில் கூட்டம் நடத்தி மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது விதி. அவ்வாறுதான் நாங்கள் நரிமுனைக்குச் சென்றோம்.

நரிமுனை, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த சிறு மீனவக் குப்பம். கடல்மட்டம் உயர்ந்த பிறகு அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் காலியாகிவிட, அது ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. காரணம் நண்டுண்ணி. அப்பறவை வந்து தங்கும் சேற்றுப்பரப்பு காப்புக்கரையாக அறிவிக்கப்பட்டிருந்ததால், அரசு ஆண்டுதோறும் அங்கே கருங்கற்களைக் கொட்டிக் கடற்சுவரைப் பழுதுபார்த்தது. ஒரு குளிர்காலம் பறவை வரவில்லையானால் காப்புக்கரை நீக்கப்படும். பிறகு கல் வராது. கல் வராவிட்டால் இரண்டு புயலுக்குள் ஊர் இராது. இதை ஊரார் அனைவரும் அறிவர்.

கூட்டம் மீன் ஏலக்கூடத்தில் நடந்தது. முன்வரிசையில் அமலோற்பவம் அமர்ந்திருந்தார். கடற்பாசி எடுக்கும் பெண்களின் சங்கத் தலைவி அவர். நாற்பது வயது இருக்கலாம். உப்பில் வெளுத்த ஆண்சட்டையைச் சேலைமேல் அணிந்திருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய கொழுந்தன் சூசைமிக்கேல், ஐஸ் பெட்டியின்மேல்.

திருமலைக்கொழுந்து விளக்கினார். "இந்தப் பறவைக்கு ரத்த சொந்தம்னு பாத்தா கல்குருவிதான். கயத்தாறு பக்கம் கல்லுக்காட்டுல ஓடித் திரியுமே, அது."

"சும்மா இருங்க சார்," என்றார் சூசைமிக்கேல். "அது கடலயே கண்ணால கண்டிருக்காது."

"பல கோடி வருஷத்துக்கு முன்னால ரெண்டுக்கும் ஒரே தாத்தா."

"தாத்தா சொத்தப் பிரிக்கையில இவனுக்குக் கடலு, அவனுக்குக் கல்லு. கல்லு வாங்கினவன ஏமாத்திட்டாரு."

கூடம் சிரித்தது. அமலோற்பவம் சிரிக்கவில்லை.

"உப்புக்கொத்தி கூடச் சேத்து விடுங்க சார். தெனமும் ஒண்ணாத்தான் நிக்குதுக, ஒண்ணாத்தான் மேயுதுக. இதுல கூட்டம் போட்டுக் கேக்க என்ன இருக்கு?"

நான் எழுந்தேன். "மன்னிச்சுக்கிடுங்கக்கா. அதுல ஒரு சிக்கல் இருக்கு. உப்புக்கொத்தியோட நாடி இதோட கண்ணுக்குத் தெரியாமப் போகலாம். தெரியலேன்னா எல்லாம் நடுக்கடல்ல விழுந்துரும்."

"போகலாம்னா? போகுங்கியா, போகாதுங்கியா?"

"தெரியலக்கா."

"தெரியலன்னு சொல்லுததுக்கு ரெண்டு பேரு வந்திருக்கீகளா? ஒராளு போதாதா?" என்றார் சூசைமிக்கேல்.

"ஏல, வாய மூடு," என்று அமலோற்பவம் திரும்பாமலே கூறிவிட்டு என்னை நோக்கினார். "சரி, கல்குருவி கூடவே சேருங்க. எங்க ஊரு கோபுரத்துலயும் அந்தக் கல்குருவி நாடியப் போட்டு விடுங்க. இங்கதான வரும்?"

"போட்டா கல்குருவி எல்லாமும் இந்தச் சேத்துக்கு வந்து நிக்கும்கா. வண்டும் கெடைக்காது, வெட்டுக்கிளியும் கெடைக்காது. பட்டினியில செத்துரும்."

அவர் வெளியே திரும்பிப் பார்த்தார். கூடத்துக்கு வெளியே நீர் வற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப இந்தப் பக்கம் போனா கடல்ல சாவு. அந்தப் பக்கம் போனா உசிரு இருக்கும், ஆனா எங்க இருக்கும்னு தெரியாது. அதான?"

"அதாங்க்கா."

"எழுதினா எழுதினதுதானா? ஒரு வருசம் பாத்துட்டு மாத்த முடியாதா?"

திருமலைக்கொழுந்தின் முகம் தெளிந்தது. அவருக்கு விதிகள் மனப்பாடம். "மாத்தலாம்மா. கண்டிப்பா மாத்தணும்னே இருக்கு. பரவல் ஒத்துவரலேன்னா வகைப்பாட்டத் திருத்தியாகணும். திருத்தம் முடியற வரைக்கும் காப்புக்கரையத் தொடவும் முடியாது. இந்தப் பறவை கல்லுக்காட்டுல நிக்காது. இங்கயும் அங்கயும் சிதறி அலையும். படத்தப் பாத்தாலே தப்புன்னு தெரிஞ்சுரும். அடுத்த வருஷமே தனி நாடி கேட்டு எழுதிருவோம்."

"சுவரு?"

"சுவருக்கு ஒண்ணும் ஆகாது."

அமலோற்பவம் விரல்களை மடக்கி ஏதோ கணக்கிட்டார். பிறகு ஊராரைப் பார்த்துக் கூறினார்: "உசிரும் தப்பும், சுவரும் தப்பும். ஒரு வருசம் சீண்டரம், கஷ்டம்தான். அதுக்கு என்ன, பொறுத்துக்கிடுவோம்." எங்களிடம், "எழுதிக்கிடுங்க. கல்குருவி," என்றார்.

அவர் சொன்னதை எழுதினோம். அன்று அலுவலகத்துக்குத் திரும்புகையில் நாங்கள் இருவரும் மகிழ்ச்சியாகவே இருந்தோம் என்பது நினைவிருக்கிறது. முதன்முறையாக ஒரே கருத்தில் இருந்தோம்.

குளிர்காலம் வந்தது. உப்புக்கொத்திகள் வந்தன. நண்டுண்ணி வரவில்லை. அமலோற்பவம் அலைபேசியில் அழைத்தார்.

"இன்னைக்கும் இல்ல."

"நல்லதுக்கா," என்றேன். வேறொருவர் கேட்டால் கொடுமை என்பார். எங்களைப் பொறுத்தவரை, பறவை வராமையே திருத்தத்துக்கான முதல் ஆதாரம். திருமலைக்கொழுந்து விண்ணப்பத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். படத்தில் சிதறிய புள்ளிகளை நிரப்ப வேண்டியதுதான் பாக்கி.

புள்ளிகள் சிதறவில்லை. மார்கழித் தொடக்கத்தில் கணினித் திரையில் கயத்தாற்றுக்கு மேற்கே, காற்றாலைகளுக்கு நடுவிலுள்ள கல்வெளியில், ஒரே இடத்தில் அடர்த்தியாகத் தோன்றின. அங்கிருந்த கோபுரம் தன் படக்கருவியால் பார்த்து அனுப்பிய பதிவு அது. நாங்கள் ஜீப்பில் புறப்பட்டோம். செய்தி கேட்டு அமலோற்பவமும் வழியில் ஏறிக்கொண்டார். மடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்குள் ஈரப்பாசி, பாசிக்கு அடியில் நண்டுகள்.

"பசியோட இருக்குமேன்னு எடுத்தாந்தேன்," என்றார்.

அவை அங்கே இருந்தன. சரளைக்கற்களுக்கிடையே, கருவேலம் புதர்களுக்கு அப்பால், நூற்றுக்கணக்கில். கறுப்பும் வெள்ளையுமாக, நெடுங்கால்களில், காற்றாடிகளின் நிழல் தம்மீது சுழல, ஏதோ கூட்டத்துக்குத் தவறான மண்டபத்தில் வந்து அமர்ந்தவர்களைப் போல நின்றன. நண்டோட்டை உடைப்பதற்கென அமைந்த அலகால் கல்லைப் புரட்டி வண்டு தேடின. இளம்பறவைகள் தாய்களின் பின்னால் இரைகேட்டு நடந்தன. சில எலும்பும் இறகுமாகத் தெரிந்தன. சில கிடந்தன. ஆயினும் பெரும்பாலானவை உயிருடன் இருந்தன.

"மாதாவே, எல்லாம் உசிரோட இருக்கு!" அமலோற்பவம் ஜீப்பிலிருந்து குதித்தார். "பாத்தீகளா சார்? ஒண்ணாக் கூட்டம் கலையாம நிக்குதுக!"

திருமலைக்கொழுந்து இறங்கவில்லை.

"சார்?" என்றேன்.

"கலையலையே மேடம்," என்றார். "கலையாம நிக்குதே."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் கணினியை மடியில் திறந்து எனக்குக் காட்டினார். கல்குருவிக் குடும்பத்தின் பரவல் படம். அதன் எல்லைக்குள்ளே, மிகச் சரியாக நடுவில், நண்டுண்ணிகளின் புள்ளிகள். ஒரு புள்ளிகூட வெளியே இல்லை. கீழே கணினி தானாக எழுதியிருந்தது: பரவல், வகைப்பாட்டுடன் முழுமையாக ஒத்துள்ளது.

அமலோற்பவம் சன்னல் பக்கம் வந்தார். "என்ன, ரெண்டு பேரும் எழவு வீடு மாதிரி மூஞ்சிய வச்சிருக்கீக?"

"அக்கா," என்று தொடங்கினேன். "பரவல் ஒத்துவரலேன்னாத்தான் திருத்தம். இப்ப ஒத்துவந்திருச்சு."

"ஒத்துவந்துச்சா? கல்லுல கெடந்து சாவுதுகளே, இதுவா ஒத்துவாரது?"

"படத்துல பாத்தா அப்படித்தான் இருக்கு. கல்குருவி இருக்க எடத்துல இது இருக்கு. அதனால இதுவும் கல்குருவிதான்னு ஆகுது."

"நீங்கதான இங்க வரச்சொல்லிக் கூப்பிட்டீக!"

"ஆமாக்கா."

"நீங்க கூப்பிட்ட எடத்துக்கு வந்ததுக்கு, வந்திருக்கு பாரு, இதான் அதுக்கு ஊருன்னு சொல்லுவீகளா?"

அவர் கேட்டது அத்தனை எளிய கேள்வி. நாங்கள் இருவரும் முதுநிலைப் பட்டமும் அதற்கு மேலும் பெற்றவர்கள். பரவல் நடுநிலைச் சாட்சி என்று பாடம் படித்தவர்கள். அந்தச் சாட்சியை நாங்களே வண்டி வைத்து அழைத்து வந்திருக்கிறோம் என்பது விதியை எழுதியவர்களுக்கும் தோன்றவில்லை, அதை நம்பி வாக்களித்த எங்களுக்கும் தோன்றவில்லை. நடுக்கடலில் விழுந்து செத்திருந்தால் திருத்தம் கிடைத்திருக்கும். சிதறி அலைந்திருந்தாலும் கிடைத்திருக்கும். சொன்ன பேச்சைக் கேட்டு ஒழுங்காக வந்து நின்றதால் கிடைக்கவில்லை.

"பாக்கலேன்னு எழுதிருங்க," என்றார் அமலோற்பவம், குரலைத் தாழ்த்தி. "ஒண்ணையுமே காணலன்னு."

"கோபுரம் முந்திக்கிட்டு எழுதிருச்சும்மா," என்றார் திருமலைக்கொழுந்து.

அமலோற்பவம் வாளியைத் தூக்கிக்கொண்டு கல்வெளிக்குள் நடந்தார். பாசியை விலக்கி நண்டுகளைத் தரையில் கொட்டினார். அவை கற்களுக்கிடையே ஓடின. கிழப்பறவை ஒன்று திடுக்கிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு ஒரே குத்தில் ஒன்றைத் தூக்கியது. அதைக் கண்டு மேலும் சில விரைந்து வந்தன. சற்று நேரம் அங்கே கடற்கரை ஓசை கேட்டது. பிறகு வாளி காலி. பறவைகள் அவரைச் சுற்றி நின்று, இன்னும் வரும் என்று காத்திருந்தன.

"போங்க," என்று அவர் கையை வீசினார். "நான் என்ன கோபுரமா?"

மறுநாள் திருமலைக்கொழுந்து தலைமையகத்தின் ஒருங்கிணைப்பாளரை அழைத்தார். நானும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தார். ஒருங்கிணைப்பாளர் அம்மையார் இனிமையாகப் பேசக்கூடியவர்.

"உங்க வேதனை புரியுது சார். ஆனா நான் ஒண்ணு கேக்கறேன், ஆமா இல்லைன்னு சொல்லுங்க. பரவல் வகைப்பாட்டோட ஒத்துப்போகுதா?"

"மேடம், நாடியக் குடுத்ததே நாம..."

"அது இருக்கட்டும் சார். ஒத்துப்போகுதா?"

திருமலைக்கொழுந்து பொய் சொல்லியிருக்கலாம். அவர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"ஒத்துப்போகுது."

"அப்புறம் என்ன சார்? உண்மையச் சொல்லணும்னா, உங்க கிளையோட வேலைய எல்லாரும் பாராட்டுறாங்க. சேர்த்த குடும்பங்கள்ல இதுதான் முதல் வெற்றி."

தை முடிவதற்குள் நரிமுனை காப்புக்கரைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. கயத்தாற்றுக் கல்வெளி சேர்க்கப்பட்டது. காப்புநிலம் ஒன்று உருவானால் காவலர்கள் தேவை. நண்டுண்ணியைப் பழகி அறிந்தவர்கள் வேண்டும் என்று நாங்கள் பரிந்துரைத்தோம். எங்களால் செய்ய முடிந்தது அது ஒன்றே. நரிமுனையின் குடும்பங்களுக்குக் கல்வெளியின் ஓரத்தில் தகரக்கூரை வீடுகள் தரப்பட்டன. கடைசியாகச் சூசைமிக்கேல் வந்து சேர்ந்தார். படகின் இயந்திரத்தை மட்டும் கழற்றி எடுத்து வந்திருந்தார். அதை எதற்குக் கொண்டுவந்தார் என்று கேட்டவர்களுக்கு, "கல்குருவிக்கு மாட்டி விடப் போறேன்," என்றார்.

மூன்று ஆண்டுகள் கழித்து மையத்தின் கையேடு மறுபதிப்பாயிற்று. கணினி தொகுத்ததைப் பிழை திருத்தும் பணி எனக்கு வந்தது. கல்குருவிக் குடும்பத்தின் கீழ் இவ்வாறு இருந்தது: நண்டுண்ணி. வறண்ட கல்நிலப் பறவை. வண்டுகளை உண்பது. பெயர்க்காரணம் அறியக்கூடவில்லை.

எழுத்துப்பிழை எதுவும் இல்லை. திருத்துவதற்கு எனக்கு அதிகாரம் உள்ளவை எழுத்துப்பிழைகள் மட்டுமே. ஒரு வாரம் தாள் மேசையில் கிடந்தது. பிறகு அனுப்பிவிட்டேன்.

அந்த ஞாயிறன்று கயத்தாற்றுக்குச் சென்றேன். அமலோற்பவம் காக்கி மேலங்கியுடன் வீட்டு வாசலில் அமர்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். சற்றுத் தொலைவில் பறவைகள் நின்றன. முன்பிருந்ததைவிடக் குறைவு. ஆனால் அவற்றில் இளையவை வண்டு பிடிப்பதில் தேர்ந்துவிட்டன. அவற்றின் அலகு சற்று மெலிந்திருப்பதாகக்கூட எனக்குத் தோன்றியது. அது என் பிரமையாக இருக்கலாம்.

"வா," என்றார். "ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்கக்கா."

"அன்னைக்கு உப்புக்கொத்தின்னு எழுதியிருந்தா, நரிமுனைக்கு வந்திருக்குமா?"

"தெரியாதுக்கா."

"இன்னைக்கும் தெரியாதா?"

"இன்னைக்கும் தெரியாது. வந்திருக்கலாம். ஒண்ணுகூட மிஞ்சாம கடல்ல போயிருக்கலாம். அதச் சோதிச்சுப் பாக்கணும்னா, தெரியாமப் போனாக் காப்பாத்தத் தனி நாடி வேணும். அது இனிமே கெடைக்காது."

அவர் ஒரு பூண்டுப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்பதைவிட, விரும்பினேன் என்பது பொருந்தும்.

"எனக்கும் தெரியலட்டி," என்றார். "நாந்தான எழுதுன்னு சொன்னேன். சாமத்துல முழிப்புத் தட்டுனா அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். சுவருக்காகச் சொன்னேனா, அதுக உசிருக்காகச் சொன்னேனா, அதுவே இப்ப எனக்குப் புரியல." பிறகு உள்ளே திரும்பி, "ஏல சூசை, டீயக் கொதிக்க வையி, ஆபீசர் அம்மா வந்திருக்கு," என்று குரல் கொடுத்தார்.

தேநீர் அருந்தினேன்.

வாசகர்களின் நேரத்தை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டுவிட்டேன். இழந்தவற்றை மட்டும் கூறி விடைபெறுகிறேன்.

கல்வெளியில் முதல் குளிர்காலத்தில் இறந்த நண்டுண்ணிகள், நாங்கள் கண்டெடுத்தவை மட்டும், எழுபத்தொன்று. நரிமுனையின் கடற்சுவர். முப்பத்தெட்டு வீடுகளும் மீன் ஏலக்கூடமும் அந்தோனியாரின் சிறு சிலுவைக்கோயிலான குருசடியும். பாசி எடுத்த பெண்கள் அனைவரின் தொழில். உப்புக்கொத்திகள் மேய்ந்த சேற்றுப்பரப்பு. அது இப்போது ஆழமான நீர். திருமலைக்கொழுந்தின் பணி. ஒருங்கிணைப்பாளரிடம் ஒத்துப்போகிறது என்று கூறிய மாதத்திலேயே அவர் விலகிவிட்டார். இப்போது எங்கே இருக்கிறார் என்று அறியேன். அவருடைய மேசை காலியாகவே இருக்கிறது.

பரவல் படங்கள் தொலைந்துவிடவில்லை. மையத்தில் நல்ல நிலையில் உள்ளன. ஆயினும் ஒரு பறவை தானாகப் பறந்திருந்தால் எங்கே போயிருக்கும் என்பதை இனி அவற்றைப் பார்த்து ஒருவரும் சொல்ல இயலாது. ஆகவே அவற்றையும் இழப்பில் சேர்த்திருக்கிறேன்.